உள்துணி

யார் துணி கொண்டுவந்து கொடுத்தாலும் முதலில் அதைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்ப்பேன். வெளிப்பக்கத்தில் எனக்கு வேலை இல்லை. ஜரிகை, பூவேலை, கழுத்து டிசைன் எல்லாம் உடுத்துகிறவர் கவலை. பக்கத் தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி மடங்கிக் கிடக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும். ஒன்றரை இஞ்ச் இருந்தால் பேசலாம். அரை இஞ்ச் என்றால் யோசிக்க வேண்டும். ஓவர்லாக் அடித்து ஒட்டக் கத்தரித்திருந்தால் மடித்துப் பையோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

போன தை மாதம் ஒரு அம்மா கட்டைப் பை நிறைய ரவிக்கை கொண்டுவந்தார். எண்ணிப் பார்த்தேன், 14. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். புடவைகள் எல்லாம் புதுசு மாதிரி இருக்கின்றன, ரவிக்கைதான் ஒன்றுகூட ஏறவில்லை என்றார்.

“எல்லாம் ஒரே அளவுதாண்ணே. ரெண்டு இஞ்ச் விட்டாப் போதும்.”

மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து வைத்தேன். ஒரே அளவாக இல்லை. அடியில் கிடந்த அரக்குப் பட்டு மார்பு 32. அது அவருடைய முகூர்த்தப் புடவைக்குத் தைத்தது. நடுவில் இருந்தவை 34, 36. மேலே கிடந்த இரண்டு மட்டும் 38. ஒரே ஆள் என்பது உண்மை. ஆனால் நான்கு உடம்புக்குத் தைத்த துணி. அவரை இப்போது டேப் வைத்து அளந்தால் 40. நான் எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. என் தொழிலில் எண்களைச் சீட்டில் எழுதுவோம், வாயால் சொல்ல மாட்டோம்.

புடவைக்கு அளவு கிடையாது. 18 வயதில் கட்டிய ஐந்தரை மீட்டரை 70 வயதிலும் கட்டலாம். கொசுவத்தில் இரண்டு மடிப்பு குறையும், அவ்வளவுதான். வேட்டியும் அப்படியே. உடம்பு மாறியதை அவை வெளியே சொல்வதில்லை. காட்டிக்கொடுப்பது ரவிக்கை. புடவை நன்றாக இருக்கிறதே என்று ரவிக்கையைக் கழிக்க மாட்டார்கள், ரவிக்கை ஏறவில்லையே என்று புடவையை எடுத்துக் கட்டவும் மாட்டார்கள். பீரோவில் ஒரு தட்டு இப்படியே நிறைந்துவிடும்.

நான் 1978இல் புதுமண்டபத்தில் காஜாப் பையனாகச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது 12. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்கென்று திருமலை நாயக்கர் கட்டிய கல் மண்டபம் அது. எங்கள் காலத்தில் அதற்குள் பித்தளைப் பாத்திரம், பள்ளிக்கூடப் புத்தகம், வளையல், பாசிமணி என்று சந்தையே நடந்தது. தூணுக்குத் தூண் ஒரு தையல் மிஷின். மேலே கயிற்றில் பாவாடைகளும் தலையணை உறைகளும் தொங்கும். துணி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எதிரே நின்றபடியே தைத்து வாங்கிப் போவார்கள். வெயில் காலத்தில் வெளியே தார் உருகும், உள்ளே கல் குளிர்ச்சியாக இருக்கும். அங்கிருந்து வந்த பிறகு அப்படி ஒரு தையற்கடை எனக்கு மறுபடி வாய்க்கவில்லை.

என் மாஸ்டரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் ஒன்றரை வருஷம் மிஷினில் கைவைக்க விடவில்லை. காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, எமிங், பிளேடால் தையல் பிரிப்பது. பிரிப்பதைத்தான் அதிகம் செய்யச் சொன்னார். அது தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறேழு மாதம் கழித்துத்தான், பிரித்துப் பிரித்தே எந்தக் கடையில் எப்படித் தைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது விளங்கியது. உள்துணி எங்கே விட்டிருக்கிறார்கள், எங்கே திருடியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மண்டபத்துத் தூண்களில் நாயக்க மன்னர்களின் சிலைகள் இருக்கின்றன. திருமலை நாயக்கர் சிலைக்கு நல்ல தொந்தி உண்டு. புதிதாக வெட்டக் கற்ற பையன் எவனாவது துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒட்ட வெட்டினால், பாய் கத்தரிக்கோலால் அந்தச் சிலையைக் காட்டுவார். “ராசாவுக்கே இடுப்பு நிக்கல. நம்ம கஸ்டமருக்கு நிக்குமாடா? உள்ள துணி விடு.”

கணக்கு எளிது. ரவிக்கைக்குப் பக்கத் தையல் இரண்டு. ஒவ்வொன்றிலும் முன்துண்டு, பின்துண்டு என்று இரண்டு ஓரம். ஓரத்துக்கு அரை இஞ்ச் விட்டால் சுற்றளவில் இரண்டு இஞ்ச் கிடைக்கும். புதுசு தைக்கும்போதே கால் இஞ்சுக்கு ஒன்றாக இரண்டு மூன்று தையல் ஓட்டிவைப்பது இதற்காகத்தான். உடம்பு கூடும்போது வீட்டிலேயே உள் தையலை உருவிக்கொள்ளலாம். முன்பெல்லாம் தாய்மார்கள் பல் துலக்குகிற நேரத்தில் இதைச் செய்துவிடுவார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு தையல், இரண்டாம் பிள்ளைக்கு இன்னொரு தையல்.

ஆனால் கணக்கு எளிது என்பதால் வேலையும் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்தை விட்டால் கைக்குழியையும் விட வேண்டும், இல்லாவிட்டால் கக்கத்தில் பிடிக்கும். கையில் உள்துணி இல்லையென்றால் அங்கே ஒரு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைக்க வேண்டும். டாட் பிடித்த இடம் நகராது. மார்பு அகன்றிருக்கும், டாட் பழைய இடத்திலேயே நிற்கும். லைனிங் முதல் சலவையிலேயே சுருங்கியிருக்கும், மேல்துணி சுருங்கியிருக்காது. இதெல்லாம் போக, ஊசித் தடம். பருத்தியில் ஈரத்துணி போட்டு இஸ்திரி தேய்த்தால் பழைய ஊசித் துளை மூடிக்கொள்ளும். பட்டில் மூடாது. பாலியஸ்டரிலும் மூடாது. கூடவே நிறம் வேறு. வெளியே 20 வருஷம் வெளுத்த துணிக்குப் பக்கத்தில், மடிப்புக்குள் வெளிச்சமே படாமல் கிடந்த துணி கடையில் வாங்கிய அன்றைய நிறத்தில் வந்து நிற்கும். அந்த அரக்கு ரவிக்கையைப் பிரித்தபோது உள்ளே இருந்த நிறத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, “இப்படியா இருந்துச்சு இது?” என்றார்.

சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய இரண்டு மாதம் புதுமண்டபத்தில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அழகர் மீது தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரி எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் சிவப்பு, பச்சை வெல்வெட்டில் உடுப்பு தைக்க வேண்டும். சல்லடம், மேல்சட்டை, உருமால், அதில் ஜரிகைப் பட்டி, கண்ணாடித் துண்டு. தைக்கிறவர்களில் பாதிப் பேர் எங்கள் பாயைப் போன்றவர்கள். அழகருக்கும் அவர்களுக்கும் இடையில் யாரும் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. கேட்டால் உடுப்பு நேரத்துக்குக் கிடைக்காது.

ஒரு பையன் 5 வயதில் வந்தான். காய்ச்சலில் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன். 7 வருஷம் வேஷம் கட்ட வேண்டும் என்று வேண்டியிருந்தார்கள். ஏழை வீடு, வருஷா வருஷம் புதிது தைக்க முடியாது. பாய் முதல் தடவையே தாராளமாக உள்துணி விட்டுத் தைத்தார். ஒவ்வொரு பங்குனியிலும் அவன் அம்மா அந்த உடுப்பைக் கொண்டுவருவார், நான் பிரித்துவிடுவேன். வெல்வெட்டில் பழைய தையல் தடம் கோடாக நிற்கும், மறைக்க முடியாது. அதன்மேல் ஒரு ஜரிகைப் பட்டி வைத்துத் தைத்துவிடுவோம். ஐந்தாம் வருஷம் அவன் தெருவிலேயே அந்த உடுப்பில்தான் ஜரிகை அதிகம். ஆறாம் வருஷம் அதில் விடுவதற்கு எதுவும் இல்லை. கண்ணாடியையும் ஜரிகையையும் பிரித்துப் புது வெல்வெட்டில் வைத்துத் தைத்தோம். மொட்டையாகிப்போன பழைய சட்டையைக் குப்பையில் போடப் போனேன். அவன் அம்மா பிடுங்கிக்கொண்டார். “சாமிக்குப் போட்டதுய்யா.” அது இன்னும் அந்த வீட்டில் எங்காவது மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆண்கள் விஷயம் வேறு. பெண்கள் வந்தவுடனே “குண்டாயிட்டேண்ணே” என்று சொல்லிச் சிரித்துவிடுவார்கள். ஆண்கள் துணி சுருங்கிவிட்டது என்பார்கள். இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். நான் டேப்பைத் தளர்த்த மாட்டேன். “இந்த வருஷம் மழை எப்படி சார்?” என்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் வயிறு இறங்கும், அப்போது படித்துக்கொள்வேன். முப்பது வருஷமாக 34தான் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. வயிறு இறங்க இறங்க பேண்ட்டும் அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. தொப்புளில் கட்டியது இப்போது அதற்கு நான்கு விரல் கீழே நிற்கிறது. அங்கே அவருக்கு 34தான்.

பேண்ட்டில் விடுவதற்கான துணி பின்பக்க நடுத்தையலில் இருக்கும். பழைய மாஸ்டர்கள் இடுப்புப் பட்டியில் ஒன்றரை இஞ்ச் விட்டு, சீட் வரை குறைத்துக்கொண்டே வருவார்கள். பிடிப்பதும் அங்கேதான். ஆனால் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. மூன்று இஞ்சுக்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், பார்க்கச் சகிக்காது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் 9 பேண்ட் கொண்டுவந்தார். எல்லாம் டெரிகாட்டன், எல்லாம் 38. அவர் அப்போது 33 இருந்தார். சர்க்கரை என்றார். பிடித்துத் தருவதைவிடப் புதிது தைப்பது லாபம் என்று எடுத்துச் சொன்னேன். “துணி கெட்டியா இருக்கேப்பா” என்றார். சரி, முழுக்கப் பிரித்து, வெட்டித் திரும்பத் தைக்கிறேன், அப்போதுதான் நிற்கும் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை.

“வெட்டிறாதீங்க. உடம்பு திரும்ப வந்துரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பிடிச்சு மட்டும் வைங்க.”

மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நூல்கூட வெட்டாமல், எல்லாத் துணியையும் உள்ளேயே மடித்துப் பிடித்துக் கொடுத்தேன். பின்னால் ஒரு புத்தகத்தைச் செருகிக்கொண்டு நடப்பது மாதிரி இருந்திருக்கும். அவர் குறை சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் மகன் அதே மூன்று பேண்ட்டோடு வந்தார். அப்பாவுடையது, எனக்கு விட்டுத் தர முடியுமா என்று கேட்டார். டேப் வைத்தேன். 38. பிரித்துவிட்டதோடு வேலை முடிந்தது. கூலி வாங்க யோசனையாக இருந்தது, ஆனாலும் வாங்கினேன்.

பாயிடம் நான் வேலை கற்ற காலத்தில் ஏறாத துணி என்று வீட்டில் ஒன்று தங்கியதாக எனக்கு நினைவில்லை. அதற்கு ஒரு வழி இருந்தது. அப்பா சட்டை எனக்கு வெட்டப்பட்டது. எனக்குப் பிறகு தம்பிக்கு. அதன் முதுகு கிழியாமல் இருந்தால் தலையணை உறை. அக்காவின் பாவாடையில் அடியில் இரண்டு டக் பிடித்துத் தைத்திருப்பார்கள், உயரம் கூடக்கூட ஒன்றொன்றாகப் பிரிப்பார்கள். அம்மாவின் நூல் புடவை தூளியாகும், தூளிப் பிள்ளைக்கே ஈரத்துணியாகும், கடைசியில் கரித்துணியாகி அடுப்பங்கரையில் முடியும். மிஞ்சியதைத் தெருவில் வரும் பாத்திரக்காரி மூட்டை கட்டிக்கொண்டு ஒரு எவர்சில்வர் கிண்ணம் தருவாள். ஜரிகை போட்ட பட்டு என்றால் அதற்கென்று வேறு ஆள் வருவார், பழைய ஜரிகையில் வெள்ளி இருந்தது. உடுத்திய துணியை யாருக்காவது கொடுக்கும்போது அம்மா ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வைத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் “அப்படித்தான்” என்பாள்.

பாலியஸ்டர் வந்ததும் இந்த வழி பாதியில் அடைபட்டது. அது கிழியாது, அதனால் கழிக்க முடியாது. தண்ணீரை உறிஞ்சாது, அதனால் கரித்துணியும் ஆகாது. பிள்ளையை அதில் போட்டால் வேர்த்து அழும். சூடான சட்டியை அதால் பிடித்தால் கையோடு ஒட்டிக்கொள்ளும். போகிக்குப் போட்டால் தெருவே நாறும். 20 வருஷம் போன பிறகும் இஸ்திரி போட்டாற்போல இருக்கும், எடுத்துப் போட்டுக்கொள்ள ஆள் இருக்காது. சஃபாரி சூட் ஒன்று என்னிடமே இருக்கிறது. என் கல்யாணத்து மறுவீட்டுக்கு நானே தைத்தது. உள்துணி எல்லாம் விட்டாயிற்று, இன்னும் மூன்று இஞ்ச் வேண்டும். துணியில் ஒரு குறை சொல்ல முடியாது.

அடுத்து ரெடிமேட். தைப்பது மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், பல சட்டைகளில் தையல் என்னுடையதைவிட நேர். ஆனால் ஓவர்லாக் மிஷினில் தைக்கும்போதே ஓரத்தைக் கத்தி சீவிவிடும். உள்துணி கால் இஞ்ச், மிஞ்சிப்போனால் அரை. ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஓரத்துக்கு ஒரு இஞ்ச் விட்டால் எத்தனை மீட்டர் போகும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் சட்டையைப் புரட்டிப் பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கும். இதை உடுத்துகிறவர் அடுத்த வருஷம் எப்படி இருப்பார் என்று தைத்தவர் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. விட முடியாத துணி, கிழியாத துணி, விலையும் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் பீரோ எப்படிப் பூட்டும்? நைட்டியும் லெகின்ஸும் வந்து கொஞ்சம் காப்பாற்றின. நைட்டிக்கு உடம்பைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது.

ஊராருடைய பீரோவைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, புதுமண்டபத்தில் என் கடை எப்படி இருந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துக் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு எங்கள் மண்டபத்துக் கடைகளையும் மாற்றுவது என்று பேச்சு வலுத்து, கடைசியில் குன்னத்தூர் சத்திரத்துக்கு எங்களை மாற்றினார்கள். காலி செய்ய வேண்டிய வாரம் என் மனைவி கடைக்கு வந்தாள். மிஷின் இருந்த இடத்துக்குப் பின்னால், தூணை ஒட்டி, மூன்று சாக்கு இருந்தன. நானே அவற்றை மறந்திருந்தேன்.

ஒரு சாக்கு வெட்டுத்துணி. தையற்காரன் மிச்சத் துணியைத் திருடுவான் என்று ஊர் பேசும். உண்மையில் யாரும் திருப்பிக் கேட்காத துண்டுகள் அவை, எந்த நிறத்தில் கக்கத் துண்டு வேண்டியிருக்குமோ என்று சேர்த்தது. (கொஞ்சம் திருடியதும் உண்டு.) இரண்டாவது சாக்கில் தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, சீட்டுக் குத்தி, யாரும் வாங்க வராத துணிகள். 30 நாளுக்குமேல் கடை பொறுப்பல்ல என்று பில்லில் அச்சடித்திருக்கிறோம். ஆனால் 30ஆம் நாள் அதை எடுத்து எறிந்த தையற்காரனை நான் பார்த்ததில்லை. ஒரு சின்னப் பட்டுப்பாவாடை சட்டை, சீட்டில் 1996. காதுகுத்துக்கு என்று அவசரமாகக் கேட்டு வாங்கிய வேலை. ஏன் வரவில்லை என்று அந்த வருஷம் யோசித்திருப்பேன். இனிமேல் யோசிக்கக் கூடாது என்று மடித்து வைத்தேன்.

மூன்றாவது சாக்கு முழுக்க அளவு ஜாக்கெட். புது ரவிக்கை தைக்க வருகிறவர்கள் பொருத்தமான பழையது ஒன்றை அளவுக்குத் தருவார்கள். புதிது கைக்கு வந்த சந்தோஷத்தில் அளவு கொடுத்ததை மறந்துவிட்டுப் போவார்கள். 8 வருஷம் கழித்து வந்து, “என் அளவுதான் உங்ககிட்ட இருக்கே” என்பார்கள். அதற்காகவே எடுத்து வைப்பேன். தேடிக் கொடுத்தால் பெருமையாகவும் இருக்கும். ஆனால் அதை வைத்துத் தைத்தால் ஏறாது. எண்ணிப் பார்த்தோம், 63 இருந்தது.

“ஊர்க்காரவுக பழைய உடம்பையெல்லாம் இங்க கொண்டாந்து அடுக்கி வச்சிருக்கீக” என்றாள் மனைவி. நூல் ரவிக்கைகளைப் பிரித்தெடுத்து அங்கேயே உட்கார்ந்து கரித்துணிக்குக் கிழித்தாள். 20 கிழித்திருப்பாள். மிச்சத்தைக் கட்டிப் புதுக் கடைக்குக் கொண்டுபோனேன். அதைத் தூக்கிய ஆட்டோக்காரர் என்ன இது என்று கேட்டார். சரக்கு என்றேன்.

அந்த அம்மாவின் 14 ரவிக்கையில் 5 நன்றாக வந்தது. 38 இரண்டும், 36இல் மூன்றும். அவற்றில் இரண்டுக்குக் கக்கத் துண்டு வைத்தேன். இரண்டாம் சாக்கை அவிழ்க்கவில்லை, முதல் சாக்கிலேயே நிறம் கிடைத்தது. மற்ற 9 முடியாது என்றேன். அரக்குப் பட்டுக்குப் புது ரவிக்கைத் துணி எடுத்துத் தைத்துவிடலாம், பழைய கைப்பட்டி ஜரிகையைப் பிரித்து அதில் வைக்கலாம் என்று யோசனை சொன்னேன். அந்த வெல்வெட் உடுப்பில் கற்ற வேலைதான். அவர் அரக்கு ரவிக்கையை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

“இதைப் பிரிக்க வேண்டாம்ண்ணே. புதுசுக்குப் புது ஜரிகையே வைங்க.”

“அப்ப இந்த ஒன்பதையும் என்னம்மா செய்யப் போறீங்க?”

“இருக்கட்டும். மக பாத்துக்கிருவா.”

மகளுக்கு என்ன அளவு என்று நான் கேட்கவில்லை. பங்குனி கடைசியில் வந்து புது ரவிக்கையை உடுத்திப் பார்த்தார். சரியாக இருந்தது. பணத்தைக் கொடுத்து, பையைத் தூக்கிக்கொண்டு, கல்யாணத்துக்கு வரணும் என்று சொல்லிவிட்டுப் போனார். கடை அடைக்கும்போது மேஜைக்குக் கீழே பார்த்தேன். அளவுக்குக் கொடுத்த, நான் விட்டுத் தைத்த 38 ரவிக்கை அங்கேயே கிடந்தது. கூப்பிடலாமா என்று போனை எடுத்தேன். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் அவர் பேரையும் தெருவையும் எழுதி, ரவிக்கையில் குண்டூசியால் குத்தி, மூன்றாவது சாக்கின் வாயை அவிழ்த்தேன்.